தற்செயல் வேறு, அதிர்ஷ்டம் வேறு

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எனக்கு முன் பேசியவர்கள் நன்றாகப் படித்தவர்கள். நானோ ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போனவனல்ல. தறியிலிருந்து எழுந்த நேரத்தில் இதுபோன்ற வாசகசாலைகளில் உட்கார்ந்து படித்ததுதான் என் படிப்பு. ஆதலால் தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லுகின்றேன். சரியென்று பட்டால் எடுத்துக் கொள்ளுங்கள்; இல்லையேல் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.

இன்று மாலை நான் இங்கு வருவதற்கு ஓடி வந்து கடைசி பஸ்ஸைப் பிடித்தேன். பஸ்ஸில் இருந்த தோழர் ஒருவர், “அண்ணே! உங்களுக்கு அதிர்ஷ்டந்தான், பஸ் ஐந்து நிமிஷம் தாமதமாகப் புறப்பட்டது” என்றார். அவர் நம்முடைய தோழர். கறுப்புச் சட்டை போட்டவர். ஜாதகத்தைக் கிழித்து அடுப்பில் போட்டவர். அவர் வாயிலும் அந்த வார்த்தைதான் வந்தது! நான் அவரைக் குறை கூறவில்லை. அது வாய்ப்பழக்கம். ஆனால் அது வாய்ப்பழக்கமாக மட்டும் நின்றுவிடுமானால் நான் அதைப் பற்றிப் பேச இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டியதில்லை. அதே வார்த்தை என் வீட்டில் ஒரு பெண்ணின் தலைமேல் இருபத்தைந்து வருஷம் உட்கார்ந்திருந்தது. அதனால்தான் பேச வந்தேன்.

என் அக்காளைக் கட்டிக் கொடுத்தபோது பத்துப் பொருத்தமும் பார்த்தார்கள். பத்தும் பொருந்தியிருக்கின்றதென்று ஜோசியர் சொல்லித் தட்சணையும் வாங்கிக் கொண்டு போனார். கலியாணமான இரண்டாவது வருஷம், ஆவணி மாதத்து மழை இரவில், அத்தான் திண்ணையை ஒட்டிய தாழ்வாரத்தில் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தார். நடுராத்திரியில் ஏதோ சுருக்கென்றதாக எழுந்தார். விளக்கை ஏற்றிப் பார்த்தால் கட்டுவிரியன் ஒன்று சுவரோரமாகப் போகின்றது. கடித்த இடத்தில் வீக்கமுமில்லை, வலியுமில்லை. பன்னிரண்டு மைலில் சர்க்கார் ஆஸ்பத்திரி இருந்தது. ஊரில் மாட்டுவண்டியும் இருந்தது, ஒரு வாடகைக் காரும் இருந்தது. ஆனால் அழைத்து வந்தது பக்கத்துத் தெருவில் விஷக்கடிக்கு மந்திரிக்கிறவரை! அவர் வேப்பிலை அடித்தார். சொம்புத் தண்ணீரில் ஏதோ சொல்லி ஊதினார். “விஷம் இறங்கிவிட்டது, தூங்கட்டும்” என்றார். அத்தானும் தூங்கினார். விடியற்காலம் வயிற்றை வலிக்கின்றதென்றார், கண் இமை தொங்கிற்று, பேச்சுக் குழறிற்று, மூச்சு நின்றது. அக்காளுக்கு அப்போது வயது இருபத்திரண்டு.

பதினாறாம் நாள் முடிவதற்குள் அந்த வீட்டில் தீர்ப்பும் சொல்லி விட்டார்கள். என்ன தீர்ப்பு? “இவள் காலெடுத்து வைத்த நேரம், என் பிள்ளை போய்விட்டான், அதிர்ஷ்டங் கெட்டவள்” என்பதுதான். பத்துப் பொருத்தம் பார்த்த ஜோசியரை யாராவது கேட்டார்களா? கிடையாது. மந்திரித்தவரை யாராவது கேட்டார்களா? கிடையாது. பாம்பு கூடத் தப்பித்துக் கொண்டது! அகப்பட்டவள் தூங்கிக் கொண்டிருந்த பெண் ஒருத்திதான்.

தோழர்களே! அந்தச் சாவில் மூன்று சங்கதிகள் இருக்கின்றன. அந்தப் பாம்பு அன்றிரவு அந்தத் தாழ்வாரத்தின் வழியாகப் போனது ஒன்று. அது தற்செயல். மழையில் வளை நனைந்து, எலியையோ தவளையையோ தேடி அது போயிருக்கும். அத்தானைத் தேடி அது வரவில்லை. இரண்டாவது, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நாலு மணி நேரத்தை வேப்பிலையில் கழித்தது. அது காரணம். மூன்றாவது, “அவளுடைய அதிர்ஷ்டம்” என்பது. இது தற்செயலுமல்ல, காரணமுமல்ல. காரியமெல்லாம் முடிந்த பிறகு மேலே போர்த்திய துணி. அந்தத் துணி போர்த்தப்பட்டபடியால்தான் அதற்கு அடுத்த வருஷமும் எங்களூரில் பாம்பு கடித்தவர்களை அதே மந்திரக்காரரிடம் தூக்கிக் கொண்டு போனார்கள்.

அதிர்ஷ்டம் என்கின்ற வார்த்தையையே பாருங்கள். அது வடமொழி. திருஷ்டம் என்றால் காணப்பட்டது. அதிர்ஷ்டம் என்றால் காணப்படாதது. அவ்வளவுதான் பொருள். நியாயம், வைசேஷிகம் முதலிய சாஸ்திரங்களை எழுதினவர்கள் இந்தக் காணப்படாததற்கு ஒரு வியாக்கியானமும் வைத்தார்கள். முன்பு செய்த புண்ணிய பாவம் உயிரில் ஒட்டிக் கொண்டிருந்து, பிறகு பலனைக் கொடுக்கின்றதாம்; அதுதான் அதிர்ஷ்டமாம். அதாவது ஒன்றைக் கண்ணால் காணவில்லையென்று முதலில் ஒப்புக் கொள்ளுகிறது. பிறகு, காணாத அந்த ஒன்று இன்னாருடையது, இன்ன குற்றத்துக்காக வந்தது என்று கண்டவனைப் போலத் தீர்ப்புச் சொல்லுகிறது! இதைவிடப் பெரிய புரட்டு வேறென்ன வேண்டும்?

ஒருவன் எந்த வீட்டில் பிறக்கின்றான் என்பது அவன் கேட்டுப் பெற்றதா? மாளிகையில் பிறந்தவனும் மனுப்போடவில்லை. சேரியில் பிறந்தவனும் மனுப்போடவில்லை. அவனவன் விஷயத்தில் அது தற்செயல். மாளிகை ஒரு தெருவிலும் குடிசை ஒரு தெருவிலும் இருப்பதற்கு மனிதன் செய்து வைத்த காரணங்கள் உண்டு. ஆனால் அவனுக்கு அதிர்ஷ்டம், இவனுக்குத் தலையெழுத்து என்று சொன்னவுடனே, அந்தக் காரணங்களைக் கேட்க ஆளில்லாமல் போய்விடுகின்றது. மேலே இருப்பவனுக்குச் சங்கோசமில்லை. கீழே இருப்பவனுக்குக் கோபமில்லை. இந்த வார்த்தையால் லாபம் யாருக்கு என்று யோசித்துப் பாருங்கள்.

நிற்க. தற்செயலென்றால் கண்டபடி நடப்பது, அதற்கு ஒழுங்கே கிடையாது என்று பலர் நினைக்கின்றார்கள். அப்படியல்ல. தற்செயலுக்குக் கணக்கு உண்டு. இங்கே இருக்கின்ற தாய்மார்களுக்கு இது நன்றாகப் புரியும்; அவர்கள் தாயம் ஆடுகிறவர்கள். தாயக்கட்டை ஒன்றுக்கு நாலு பக்கம். ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள், ஒரு பக்கம் வெறுமை. இரண்டு கட்டைகளை உருட்டினால் நாலு நாலாகப் பதினாறு விதமாக விழலாம். அதில் ஒரு கட்டையில் ஒன்றும் மற்றதில் வெறுமையுமாக விழுந்தால் தாயம். அது இரண்டு விதத்தில் வரும். ஆகப் பதினாறுக்கு இரண்டு, அதாவது எட்டுக்கு ஒன்று.

எட்டுக்கு ஒன்றென்றால் எட்டுத் தடவை உருட்டினால் எல்லோருக்கும் ஒரு தாயம் விழுந்தே தீருமா? தீராது. நூறு பேர் ஆளுக்கு எட்டுத் தடவை உருட்டுவதாக வைத்துக் கொள்ளுங்கள். ஏறக்குறைய 34 பேருக்கு ஒரு தாயங்கூட விழாது. இருபது தடவை உருட்டினாலும் அப்போதும் ஏழு பேர் காய் இறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஏழு பேரில் ஒருத்தியைப் பார்த்து நாம் என்ன சொல்லுகின்றோம்? “உன் கை ராசியில்லாத கை” என்கின்றோம். அவள் கையில் என்ன குற்றம்? நூறு பேர் உருட்டினால் ஏழு பேர் அப்படி இருந்தாக வேண்டும் என்பது கட்டையின் கணக்கு. அந்த ஏழு பேர் யார் யார் என்பதுதான் கணக்குக்குத் தெரியாது. சரி, அவள் இருபத்தோராவது தடவை உருட்டினால்? அப்போதும் எட்டுக்கு ஒன்றுதான். இருபது தடவை ஏமாற்றிவிட்டோமே என்று இரக்கப்படக் கட்டைக்கு மனமுமில்லை. இவளுக்குக் கொடுக்கக் கூடாதென்று வைராக்கியம் வைக்க ஞாபகமுமில்லை.

இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர்களில் முந்தியவர் இத்தாலி தேசத்தில் கார்டானோ என்பவர். அவர் வைத்தியர், சூதாடி, ஜோசியருங்கூட! பகடை விழும் கணக்கை அவர் எழுதி வைத்தார். அவர் 1576-ல் இறந்தார். புத்தகம் 1663-ல்தான் அச்சாயிற்று. அதே கையினால் இங்கிலாந்து ராஜா ஆறாம் எட்வர்டுக்கு 1552-ல் ஜாதகமும் கணித்தார். ஐம்பது வயதுக்கு மேலும் இருப்பார் என்றார். ராஜா மறு வருஷமே பதினைந்து வயதில் இறந்து போனார். ஒரே மூளையிலிருந்து வந்தவை இரண்டு. எண்ணிப் பார்த்துச் சொன்னது இன்றைக்கும் வழி காட்டுகின்றது. கிரகம் பார்த்துச் சொன்னது ஒரு வருஷங்கூட நிற்கவில்லை. பிறகு 1654-ல் பிரான்ஸ் தேசத்தில் பாஸ்கல், பெர்மா என்னும் இருவர் கடிதம் எழுதிக் கொண்டு இந்தக் கணக்கை மேலும் ஒழுங்காக்கினார்கள். இன்றைக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நடப்பது இந்தக் கணக்கின் மேல்தான். எவனுடைய ராசியையும் பார்த்துப் பிரீமியம் கட்டச் சொல்லும் கம்பெனியை நான் பார்த்ததில்லை.

லாட்டரிச் சீட்டும் அப்படியே. நம் ராஜ்யத்தில் 1968-ல் சர்க்காரே சீட்டு விற்க ஆரம்பித்து, 2003-ல் எல்லா லாட்டரிகளும் தடுக்கப்பட்டன. பத்து லட்சம் சீட்டு விற்றால் யாரோ ஒருவனுக்கு முதல் பரிசு விழுவது நிச்சயம். நிச்சயமாக நடக்கக் கூடியதில் அதிசயம் என்ன? ஆனால் விழுந்தவன் படம் கடை வாசலில் தொங்கும். விழாத 9,99,999 பேருடைய படத்தை எந்தக் கடையிலாவது மாட்டுகின்றார்களா? மாட்டினால் அதிர்ஷ்டம் இன்னதென்று கண்ணுக்கே தெரிந்துவிடும்!

இப்போது மறுபடியும் அந்த மந்திரக்காரரிடம் வருகின்றேன். அவருக்கு எங்களூரில் “கைராசிக்காரர்” என்று பெயர். அந்தப் பெயர் எப்படி வந்தது? நம் நாட்டுப் பாம்புகளில் பெரும்பாலானவைகளுக்கு ஆளைக் கொல்லும் விஷமே கிடையாது. சாரை கடித்தாலும் சாகமாட்டான். தண்ணீர்ப் பாம்பு கடித்தாலும் சாகமாட்டான். ஊரே நடுங்குகின்ற கொம்பேறிமூக்கன் கடித்தாலும் சாகமாட்டான். நாகமும் விரியனுங்கூடச் சில சமயங்களில் பல்லைப் பதித்துவிட்டு விஷத்தை இறக்காமலே போய்விடும். ஆகவே அவரிடம் வருகின்றவர்களில் பலர் வேப்பிலை அடித்தாலும் பிழைப்பார்கள், விசிறி வீசினாலும் பிழைப்பார்கள், சும்மா இருந்தாலும் பிழைப்பார்கள். பிழைத்தவன் தேங்காய் பழத்தோடு வந்து ஊரெல்லாம் சொல்லுகின்றான். செத்தவன் வந்து சொல்ல முடியாது. பிழைத்தால் அவருடைய ராசி. செத்தால் செத்தவனுடைய விதி! இருபுறமும் தோற்காத இந்தக் கட்டையை உருட்டினால் எவன்தான் கைராசிக்காரன் ஆகமாட்டான்? மோசக்காரரென்று அவரைச் சொல்ல மாட்டேன். அவரே நம்பியிருந்தார், கணக்கு வைத்துக் கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

கணக்கு வைத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சரித்திரம் சொல்லுகின்றேன். இது நம் ஊரில் நடந்ததல்ல. ஐரோப்பாவில், ஆஸ்திரியாவின் தலைநகரமாகிய வியன்னாவின் பெரிய ஆஸ்பத்திரியில் நடந்தது. அங்கே பிரசவத்திற்கு இரண்டு பகுதிகள் இருந்தன. ஒன்றில் வைத்திய மாணவர்கள் பயின்றார்கள். மற்றதில் மருத்துவச்சிகள் பயின்றார்கள். எந்தப் பெண்ணை எதில் சேர்ப்பது என்பதற்கு நாள் முறை வைத்திருந்தார்கள். வலி கண்டு வருகின்ற நாள் எந்தப் பகுதியின் நாளோ, அதில் சேர வேண்டியது. அதாவது ஏழைப் பெண் ஒருத்தி எங்கே போய்ச் சேருவாள் என்பது தாயக்கட்டை விழுவது போலத்தான்.

1846-ம் வருஷத்தில் முதற் பகுதியில் 4,010 பிரசவம்; இறந்த தாய்மார் 459 பேர். இரண்டாவது பகுதியில் 3,754 பிரசவம். இறந்தவர்கள் 105 பேர். நூற்றுக்குப் பதினொன்றுக்கு மேல் ஒரு பக்கம், நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு ஒரு பக்கம். பெண்களுக்கு இது தெரிந்திருந்தது. முதற் பகுதியில் சேர்க்க வேண்டாமென்று மண்டியிட்டுக் கெஞ்சினார்கள். பெரிய பெரிய வைத்தியர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? ஆகாயத்திலும் பூமியிலும் உள்ள ஏதோ சக்திகளின் கோளாறு என்றார்கள்! நம் ஊர் ஜோசியர் சொல்லுகின்ற கிரகக் கோளாறுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஸெம்மல்வைஸ் என்ற வாலிப வைத்தியர் ஒருவர் மட்டும் கேட்டார்: ஒரே ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளுக்கு ஆகாயம் வேறு வேறா? தற்செயல் என்றால் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக அல்லவா இருக்க வேண்டும்? ஆயிரக் கணக்கான பிரசவத்தில், வருஷா வருஷம், ஒரே பக்கம் சாய்ந்தால் அது தற்செயலாகாது. கட்டையில் ஈயம் வைத்திருக்கின்றது என்று அர்த்தம். அவர் ஒவ்வொன்றாகச் சோதித்தார். சாகப் போகிறவர்களுக்குக் கடைசிச் சடங்கு செய்யப் பாதிரியார் மணியடித்துக் கொண்டு வார்டு வழியாகப் போவதால் பயந்து சாகின்றார்களோ என்று பார்த்தார். பாதிரியாரைச் சுற்று வழியில், மணியில்லாமல் போகச் சொன்னார். சாவு குறையவில்லை.

1847-ல் அவருடைய சிநேகிதரான வைத்தியர் ஒருவர் பிணச் சோதனை செய்யும்போது மாணவன் கையிலிருந்த கத்தி பட்டு, அதே தாய்மாருக்குக் கண்ட குறிகளோடு இறந்து போனார். அப்போதுதான் விளங்கிற்று. மாணவர்கள் காலையில் பிணத்தை அறுத்துவிட்டு, அந்தக் கையோடு வந்து பிரசவப் பெண்களைத் தொட்டுப் பார்த்தார்கள். மருத்துவச்சிகளுக்குப் பிணம் அறுக்கும் வேலை கிடையாது. வித்தியாசம் அதுதான்! அந்த வருஷம் மே மாதத்திலிருந்து, குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கையைக் கழுவிவிட்டுத்தான் வார்டுக்குள் நுழைய வேண்டுமென்று கட்டளையிட்டார். 1848-ல் அதே முதற் பகுதியில் 3,556 பிரசவம். இறந்தவர்கள் 45 பேர்.

459 எங்கே, 45 எங்கே! ஆகாயம் மாறியதா? கிரகம் நகர்ந்ததா? வலி கண்ட நாள் முன்போலவே தற்செயல்தான். மாறியது கழுவிய கை ஒன்றுதான். ஆனால் எங்கள் கையா கொன்றது என்று கோபித்துக் கொண்ட வைத்தியர்கள் பலர் வெகு காலம் அவரை ஒப்புக் கொள்ளவில்லை. அவர் 1865-ல் ஒரு பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் இறந்தார். கிருமிகளைப் பற்றிய உண்மை நிலைத்த பிறகுதான் அவர் சொன்னது சரியென்று உலகம் ஒப்புக் கொண்டது. படித்தவனுக்குங்கூடத் தன் கையைப் பார்ப்பதைவிட ஆகாயத்தைப் பார்ப்பது சுலபமாயிருக்கின்றது, பார்த்தீர்களா?

ஆகவே நான் சொல்லுவது இதுதான். ஒரு கேடு நேர்ந்தால் முதலில் எண்ணிப் பாருங்கள். எங்கும் ஒன்றுபோலச் சிதறி நடப்பதானால் அதில் யார் பேரிலும் குற்றமில்லை. துக்கப்படுங்கள், ஆனால் யாரையும் தூற்றாதீர்கள். ஒரே தெருவில், ஒரே கூட்டத்தாருக்கு, ஒரே வேலை செய்கிறவர்களுக்குத் திரும்பத் திரும்ப நடப்பதானால் அங்கே காரணம் இருக்கின்றது. அதைத் தேடிப் பிடித்து மாற்றுங்கள். இந்த இரண்டையும் விட்டு அதிர்ஷ்டம் என்றால், துக்கப்படவும் விடாது, மாற்றவும் விடாது. பலிக்கு ஓர் ஆளை மாத்திரம் கேட்கும். அந்த ஆள் பெரும்பாலும் ஒரு பெண்ணாகவே இருப்பாள்.

“அப்படியானால் தற்செயலுக்கு நாம் அடிமையா?” என்று கேட்பீர்கள். இல்லை. தற்செயலை முழுதும் ஒழிக்க முடியாது, ஆனால் குறைக்கலாம். 2000 முதல் 2019 வரை நம் தேசத்தில் பாம்புக் கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஆராய்ச்சிக்காரர்கள் மதிப்பிட்டிருக்கின்றார்கள். பெரும்பாலோர் கிராமத்து ஜனங்கள். தரையில் படுக்காமல் கட்டிலில் படுத்துக் கொசுவலையை நாலு பக்கமும் செருகிக் கொண்டால் கட்டுவிரியன் கடிப்பது வெகுவாகக் குறையும். இராத்திரியில் வரப்பில் நடக்கும்போது டார்ச்சும் செருப்பும் வேண்டும். கடித்துவிட்டால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்டவரை ஓடவும் விடாதீர்கள். வலியில்லையே என்று காத்திராமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அங்கே இருக்கின்ற மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நாலுக்கும் சேர்ந்தது. விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரையின் உடம்பில் செலுத்தி, அதன் இரத்தத்திலிருந்து அதை எடுக்கின்றார்கள். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், 1978-ல் ஏற்பட்ட இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்பு பிடித்து அந்த விஷத்தை எடுத்துக் கொடுக்கின்றார்கள். காட்டு ஜனங்களென்று நாம் ஒதுக்கி வைத்தவர்களின் கை அது! கைராசி என்று ஒன்று இருக்குமானால் அந்தக் கைகளுக்கல்லவா அதைச் சொல்ல வேண்டும்?

கடைசியாக ஒன்று. என் அக்காள் இருபத்தைந்து வருஷம் எந்தக் கலியாணப் பந்தலிலும் முன்னால் வந்து நின்றதில்லை. யாரும் போ என்று சொல்ல வேண்டியதுமில்லை. தானே சமையற்கட்டில் போய் உட்கார்ந்து கொள்ளுவாள். போன வருஷம் என் மகளுடைய சுயமரியாதைக் கலியாணத்தில், “அக்கா! மாலையை நீதான் எடுத்துக் கொடுக்க வேண்டும்” என்றேன். “வேண்டாமடா தம்பி, பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?” என்றாள். என் மகள் போய் அவள் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். அக்காள் கை நடுங்க மாலையை எடுத்துக் கொடுத்தாள்.

பிள்ளைகள் இன்று சௌக்கியமாக இருக்கின்றார்கள். அதைக் காட்டி, “பார்த்தீர்களா, ராசி பொய்யாய்ப் போயிற்று” என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் நானும் அந்த மந்திரக்காரரும் ஒன்றுதான். ஒரு தடவை விழுந்ததைக் கொண்டு முடிவு கட்டினவனாவேன். நாளைக்கு அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு கஷ்டம் வரலாம், எல்லோருக்கும் வருகின்றது. வந்தால் அது தற்செயலா, காரணமுண்டா என்று பார்ப்போம். எதுவானாலும் அந்த மாலையை எடுத்துக் கொடுத்த கை அதில் இல்லை என்பதை இன்றைக்கே சொல்லி வைக்கின்றேன். அதை அக்காளிடமும் சொல்லியிருக்கின்றேன்.

உங்கள் வீட்டுச் சமையற்கட்டிலும் இப்படி ஒருத்தி உட்கார்ந்திருக்கலாம். இந்தக் கூட்டத்திலிருந்து வீட்டுக்குப் போனதும் அவளை வெளியே அழைத்து வாருங்கள் என்று கேட்டுக் கொண்டு என் பேச்சை முடித்துக் கொள்ளுகின்றேன்.